ஐபி முகவரியும் எங்க ஊர் பி.பி. நம்பரும்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. வேலை, குழந்தைகளின் பள்ளிக்கூடம், குளிர் என்று வழக்கமான சாக்குகள் கைவசம் இருக்கின்றன. உண்மையில் எழுத உட்கார்ந்தால் இந்த ஒரு விஷயம்தான் தொண்டையில் நிற்கும். எழுதாமல் எழுந்து போய்விடுவேன்.

போன வாரம் ஸ்டுட்கார்ட்டில் ஒரு நண்பர் வீட்டில் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் கூடியிருந்தோம். பிரியாணி முடிந்து பேச்சு எங்கெங்கோ சுற்றி இணையத்துக்கு வந்தது. யாரோ யாருக்கோ பெயர் போடாமல் மோசமாக மெயில் அனுப்பிவிட்டார்களாம். ஒருத்தர் ரொம்பத் தெம்பாகச் சொன்னார்: "அதெல்லாம் ஒண்ணும் கவலை இல்லைங்க. ஐபி அட்ரஸ் இருக்குல்ல? அஞ்சு நிமிஷத்துல ஆளைத் தூக்கிடலாம்." எல்லோரும் தலையாட்டினார்கள். நெட்வொர்க் வேலையில் பதினாறு வருஷமாகக் குப்பை கொட்டும் நான் மட்டும் வாயே திறக்கவில்லை. ஏனென்றால் அப்படி ஒரு ஆளை நானும் தூக்கியிருக்கிறேன். தப்பான ஆள்.

எனக்குச் சொந்த ஊர் கஞ்சிக்கோடு. வாளையார் செக்போஸ்ட் தாண்டினால் வரும். கேரளாதான், ஆனால் எங்கள் தெருவில் தமிழ்தான். 1976ல் தொடங்கிய ஐ.டி.ஐ. தொலைபேசிக் கம்பெனியின் பாலக்காடு ஆலை எங்கள் ஊரில்தான் இருக்கிறது. அப்பா அங்கேதான் ரிட்டையர் ஆகும்வரை வேலை பார்த்தார். ஊருக்கெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் செய்து அனுப்பிய மனுஷர். எங்கள் வீட்டில் டெலிபோன் கிடையாது! லைன் வீடுகளில் மூலை வீட்டில் மட்டும் ஒரு போன். மொத்த வரிசைக்கும் அதுதான். சொந்தக்காரர்களுக்குக் கடிதம் எழுதும்போது அந்த நம்பரை எழுதி, பக்கத்தில் மறக்காமல் 'பி.பி.' என்று போடுவார் அப்பா. இந்த நம்பர் எங்களுடையது இல்லை, கூப்பிட்டால் அவர்கள் எடுத்து எங்களைக் கூப்பிட்டு விடுவார்கள் என்று அர்த்தம். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஐபி முகவரி என்பது அந்த பி.பி. நம்பர்தான். வீட்டுக்கு வரும் இணைப்புக்குக் கம்பெனிக்காரன் வெளியே காட்டுவது ஒரு நம்பர். வீட்டுக்குள் என் போன், மனைவியின் லேப்டாப், பிள்ளைகளின் டேப்லட், டிவி, வந்த விருந்தாளியின் போன் எல்லாம் அந்த ஒரே நம்பரில்தான் வெளியே போகும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு மூலை வீட்டு போன் மட்டும்தான் தெரியும். பேசியது மூலை வீட்டுக்காரரா, மூணாவது வீட்டுப் பையனா, அவசரத்துக்கு ஓடிவந்த வழிப்போக்கனா என்று அந்த நம்பர் சொல்லாது. பில் யார் பெயரில் வருகிறது என்பதைத்தான் சொல்லும். ஆனால் அந்தக் காலத்தில் நாம் 'பி.பி.' என்று இரண்டு எழுத்தாவது போட்டோம். இப்போது யாரும் போடுவதில்லை.

இவ்வளவும் எனக்குத் தெரியும். இதைச் சொல்லித்தான் எனக்குச் சம்பளமே. இருந்தும் நடந்ததைக் கேளுங்கள்.

அப்பாவோடு வேலை பார்த்த ஒரு மாமா, எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. அவருடைய மகன் இங்கே மாஸ்டர்ஸ் படிக்க வந்தான். ஜெர்மனியில் மாணவர்களுக்கு அறை கிடைப்பது எவ்வளவு பாடு என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். "கண்ணு, ஒரு மாசம் உன்ற வீட்ல வெச்சுக்க, அதுக்குள்ள அவன் பாத்துக்குவான்" என்று மாமா போனில் சொன்னார். செப்டம்பரில் மூன்று வாரம் எங்களோடு இருந்தான். தங்கமான பிள்ளை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பான், என் மகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவான். அப்போது என் அப்பாவும் மூன்று மாத விசாவில் வந்திருந்தார். இருவரும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். 20ஆம் தேதி அறை கிடைத்துப் போனான். அக்டோபர் முதல் வாரம் அப்பாவும் ஊருக்குத் திரும்பினார்.

டிசம்பரில் ஒரு வக்கீல் ஆபீஸிலிருந்து தடியான கடிதம். என் இணைப்பிலிருந்து இன்ன படத்தை இன்ன தேதி இரவு இத்தனை மணி இத்தனை நிமிடம் இத்தனை வினாடிக்கு டோரண்ட்டில் பகிர்ந்திருக்கிறீர்கள், இதோ உங்கள் ஐபி முகவரி, தொள்ளாயிரத்துச் சொச்சம் யூரோ கட்டுங்கள், இனி செய்யமாட்டேன் என்று கையெழுத்துப் போடுங்கள் என்று. இங்கே இது புதிதல்ல. படக் கம்பெனிகளுக்காக டோரண்ட் கூட்டத்தில் நின்று ஐபி முகவரிகளைக் குறித்துக்கொள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள். பிறகு கோர்ட் அனுமதி வாங்கி, அந்த முகவரி அந்த நேரத்தில் யார் இணைப்பில் இருந்தது என்று இணையக் கம்பெனியிடம் கேட்பார்கள். புதிதாக வரும் நம் பிள்ளைகளுக்கு விமான நிலையத்திலேயே சொல்லும் முதல் அறிவுரை, டிக்கெட் இல்லாமல் ட்ராமில் ஏறாதே. இரண்டாவது, டோரண்ட் பக்கம் போகாதே.

கடிதத்தில் இருந்த தேதி செப்டம்பர் 12. பையன் வீட்டில் இருந்த நாள். படமோ மலையாளப் படம். எனக்கு வேறு எதுவும் தோன்றவே இல்லை. அவனுக்கு போன் செய்து கேட்டேன். கேட்டேன் என்பதுகூடத் தப்பு. ஏன் செய்தாய் என்றுதான் கேட்டேன். "நான் இல்லைண்ணா" என்றான். "எங்கிட்ட லாக் இருக்கு" என்றேன். என்னிடம் இருந்தது லாக் இல்லை, ஒரு காகிதம். வீட்டு ரௌட்டரில் எந்தக் கருவி என்ன செய்தது என்ற பதிவெல்லாம் மூன்று மாதம் நிற்காது. அன்று இரவே கஞ்சிக்கோட்டுக்கு மாமாவையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். பணத்தை மாமா அனுப்பிவிட்டார். எப்படிப் புரட்டினார் என்று நான் கேட்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, என்னைவிடப் பெரிய இடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2007 ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் ஆர்குட்டில் இருந்த காலம். சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தி ஆர்குட்டில் யாரோ படம் போட்டுவிட்டார்கள். புனே போலீஸ் கூகுளிடம் கேட்டு ஐபி முகவரியை வாங்கியது. அந்த முகவரி ஏர்டெல்லுடையது. ஏர்டெல்லிடம் கேட்டார்கள். ஏர்டெல் ஒரு பெயரைக் கொடுத்தது. 2007 ஆகஸ்ட் 31 அன்று பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு மென்பொருள் இளைஞரை வீட்டிலிருந்து அள்ளிக்கொண்டு புனே போனார்கள். எரவாடா சிறையில் 50 நாள். அடி வாங்கியதாகவும், சாப்பிடுவதற்கும் கழிவறைக்கும் ஒரே பாத்திரம் கொடுத்தார்கள் என்றும் அவர் பிறகு சொன்னார். கடைசியில் பார்த்தால் ஆள் அவர் இல்லை. அந்த முகவரி அந்த நேரத்தில் அவருடையதே இல்லை.

எப்படி இந்தத் தவறு? கேட்ட நேரம் பகல் 1:15 மணியா, இரவு 1:15 மணியா என்று சரியாகக் குறிப்பிடவில்லை என்று செய்திகளில் வந்தது. அவ்வளவுதான். டைனமிக் ஐபி என்பது லாட்ஜ் அறை மாதிரி. காலையில் ஒருத்தர் காலி செய்தால் மாலையில் வேறொருத்தர். 'அறை எண் 12ல் யார்?' என்று கேட்டால் போதாது, எந்த நாள், எந்த மணி என்று சொல்ல வேண்டும். காலை மாலை குழப்பத்தில் ஒரு மனிதனின் 50 நாள் போனது. மகாராஷ்டிர மனித உரிமை ஆணையம் அவருக்கு 2 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி ஏர்டெல்லுக்கு உத்தரவு போட்டது. அவர் கேட்டிருந்தது 20 கோடி. 2 லட்சத்தை 50ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு நாளுக்கு 4000 ரூபாய்.

இந்த நேர விஷயம் சின்னதல்ல. சர்வர்களில் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில்தான் பதிவாகும். இந்தியாவுக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். கூட்ட மறந்தால் வேறொருத்தர் வீட்டுக் கதவைத் தட்டுவோம். நான் இருக்கும் ஜெர்மனியில் இன்னும் வேடிக்கை. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள், அன்று அதிகாலை இரண்டரை மணி இரண்டு தடவை வரும்! எந்த இரண்டரை? 2022 ஏப்ரலில் இந்தியாவின் செர்ட்-இன் அமைப்பு போட்ட உத்தரவில், எல்லா நிறுவனங்களும் தங்கள் கணினிக் கடிகாரங்களை அரசின் நேர சர்வர்களோடு ஒத்து வைக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. வி.பி.என். கம்பெனிகள் வாடிக்கையாளர் விவரத்தை 5 வருஷம் வைத்திருக்கச் சொன்னதற்காக அந்த உத்தரவைத் திட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனால் கடிகாரப் பகுதி மட்டும் நியாயம்.

நேரம் சரியாக இருந்தாலும் போதாது. 2008 ஜூலை 26, அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சில நிமிடம் முன்னால் ஊடகங்களுக்கு ஒரு மெயில் போனது. ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு போனால் நவி மும்பை சான்பாடாவில் ஒரு அமெரிக்கர் வாழ்ந்த ஃப்ளாட். முகவரி சரி, நேரம் சரி, வீடும் சரி. ஆள் மட்டும் தப்பு. அவருடைய வை-ஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். இங்கிலாந்தில் 2011ல் ஷெஃபீல்டில் ஒருவரை, சொல்லவே கூசும் ஒரு குற்றத்துக்காகக் கைது செய்தார்கள். காரணம், ஐபி முகவரியை டைப் அடிக்கும்போது ஒரே ஒரு எண் கூடுதலாக விழுந்துவிட்டது. வருஷக்கணக்கில் போராடி 60,000 பவுண்டு வாங்கினார். அதற்குள் போக வேண்டியதெல்லாம் போய்விட்டது.

'ஐபியை வைத்து ஊரையாவது கண்டுபிடிக்கலாமே' என்பீர்கள். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் போட்வின் என்ற ஊர்ப்பக்கம் ஒரு பண்ணை வீடு. அங்கே பத்து வருஷத்துக்கு மேல் போலீஸ், எஃப்.பி.ஐ., வரிக்காரர்கள், ஏமாந்து கோபத்தில் வந்தவர்கள் என்று வந்துகொண்டே இருந்தார்கள். ஏன் என்று 2016ல்தான் தெரிந்தது. ஐபி முகவரியிலிருந்து இடத்தைச் சொல்லும் ஒரு கம்பெனி, 'அமெரிக்கா, எங்கே என்று தெரியாது' என்பதற்குப் பதிலாக நாட்டின் நடுவில் ஒரு புள்ளியை வைத்திருந்தது. அந்தப் புள்ளி இவர்கள் நிலத்தில் விழுந்தது. 60 கோடிக்கும் மேலான ஐபி முகவரிகள் அந்த ஒரு வீட்டைக் காட்டின. 'தெரியாது' என்று சொல்ல வெட்கப்பட்டதன் விலை. என் அப்பாவின் மொபைலை அப்படித் தேடினால் ஒரு நாள் கொச்சி என்கிறது, ஒரு நாள் சென்னை என்கிறது. மனுஷர் கஞ்சிக்கோட்டில் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

மொபைலைப் பற்றிச் சொன்னால் கதை இன்னும் மோசம். பழைய ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துபோனது. அதனால் கம்பெனிக்காரர்களே பல நூறு, சில சமயம் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்துகிறார்கள். அதாவது மூலை வீட்டு போன் இப்போது ஒரு தெருவுக்கல்ல, ஒரு தாலுகாவுக்கே. ஆளைப் பிரிக்க வேண்டுமானால் முகவரியோடு போர்ட் எண்ணும் வினாடி சுத்தமான நேரமும் வேண்டும். பல இடங்களில் போர்ட் எண்ணைப் பதிவதே இல்லை. புது ஐபிவி6 வந்தால் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி, எல்லாம் தெளிவாகிவிடும் என்பார்கள். அந்தரங்கம் காக்க அந்தக் கருவியே தன் முகவரியின் பின்பாதியை அடிக்கடி மாற்றிக்கொள்ளும். முன்பாதி அப்போதும் வீட்டைத்தான் காட்டும்.

கோர்ட்டுகளுக்கு இது மெல்ல மெல்லப் புரிந்திருக்கிறது. அமெரிக்காவில் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018ல், இணைப்பு ஒருவர் பெயரில் இருக்கிறது என்பது மட்டும் அவர் மீது வழக்குப் போடப் போதாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கில் இணைப்பு இருந்தது பலர் வந்துபோகும் ஒரு பராமரிப்பு இல்லத்தில். ஜெர்மனியில் கொஞ்சம் சிக்கல். 2014ல் உச்ச நீதிமன்றம், வீட்டில் உள்ள பெரிய பிள்ளைகள் செய்ததற்கு இணைப்புக்காரர் பொறுப்பில்லை என்றது. ஆனால் 2017ல் இன்னொரு தீர்ப்பு. மூன்று பிள்ளைகளில் எந்தப் பிள்ளை பாட்டை இறக்கியது என்று பெற்றோருக்குத் தெரிந்துவிட்டது, பெயரைச் சொல்ல மறுத்தார்கள். அப்படியானால் பணத்தை நீங்களே கட்டுங்கள் என்றது கோர்ட். சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் பிள்ளையைக் காட்டிக்கொடுக்காமல் பணத்தைக் கட்டிய அந்தப் பெற்றோர் மீது எனக்கு மரியாதை. நான் காட்டிக்கொடுத்தது அடுத்த வீட்டுப் பிள்ளையை. அதுவும் செய்யாததற்கு.

ஆமாம், பிப்ரவரியில் இரண்டாவது கடிதம் வந்தது. வேறு படம், அதே கூத்து. தேதி செப்டம்பர் 28. பையன் வீட்டை விட்டுப் போய் எட்டு நாள்.

கையும் காலும் ஓடவில்லை. உட்கார்ந்து யோசித்தேன், பிறகு டிவிக்குப் பின்னால் கையை விட்டேன். ஒரு நண்பர் கொடுத்த சின்னப் பெட்டி. 'அப்பாவுக்குப் பொழுது போகணுமே' என்று அவர் ஏதோ சினிமா ஆப் ஏற்றிக் கொடுத்திருந்தார். பட்டனைத் தட்டினால் படம் ஓடும். யூட்யூப் மாதிரிதான் இருக்கும். ஆனால் உள்ளே டோரண்ட். பார்க்கும்போதே ஊருக்கெல்லாம் பகிர்ந்துகொண்டும் இருக்கும். நாங்கள் தூங்கப் போன பிறகு அப்பா தூக்கம் வராமல் படம் பார்ப்பார். எந்தப் படங்கள் என்று அந்தப் பெட்டியிலேயே வரிசையாக இருந்தன. கடிதத்தில் இருந்த இரண்டும் இருந்தன. வாழ்நாளெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் செய்த மனுஷருக்கு, தான் ஒரு எக்ஸ்சேஞ்சாகவே ஆகியிருக்கிறோம் என்று தெரியாது. அந்தப் பெட்டியை வாங்கி மாட்டியது நான். ஒரு தடவைகூட உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்காததும் நான்.

ஐபி முகவரியே உதவாது என்று நான் சொல்லவில்லை. அது கதவு வரைக்கும் கொண்டுவிடும். அதற்கப்புறம் கருவியைப் பார்க்க வேண்டும், ஆட்களைக் கேட்க வேண்டும், வேறு தடயம் வேண்டும். ஒழுங்கான போலீஸ்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், பிடிக்கவும் செய்கிறார்கள். என் கோபம் அந்த எண்ணின் மீது இல்லை. எண் என்றதும் நாம் விசாரணையை அங்கேயே முடித்துக்கொள்கிறோம் பாருங்கள், அதன் மீதுதான். 'யாரோ சொன்னார்கள்' என்றால் நான் இரண்டு தடவை யோசித்திருப்பேன். வினாடி வரைக்கும் அச்சடித்த ஒரு காகிதம் சொன்னதால் யோசிக்கவே இல்லை. அந்தக் காகிதம் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. அது என் வீட்டைச் சொன்னது. பையனைச் சொன்னது நான். ஒரே வீட்டில் இரண்டு பேர் தங்கியிருக்கும்போது, அப்பா என்பதால் ஒருத்தரை விட்டுவிட்டு, விருந்தாளி என்பதால் இன்னொருத்தன் மேல் கை வைத்தது எந்தத் தொழில்நுட்பமும் இல்லை.

அந்த ஏப்ரலில் விஷுவுக்கு ஊருக்குப் போனேன். இறங்கிய அன்றே மாமா வீட்டுக்குப் போய்ப் பணத்தை வைத்து, நடந்ததைச் சொன்னேன். அப்பாவும் கூடவே வந்து, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். மாமா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அத்தை காபி கொண்டுவந்தார். பிறகு மாமா என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "அவன் இல்லைன்னுதான் எங்கிட்டயும் சொன்னானுங்க. நானும்தான் நம்பலே. உங்க பையன் நெட்வொர்க் இன்ஜினியராச்சே."

பையனிடமும் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லைண்ணா" என்றான். படிப்பு முடிந்து இப்போது மூனிச்சில் வேலையில் இருக்கிறான். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம்கூட ஆகாது. தீபாவளி, விஷு, என் மகள் பிறந்தநாள் என்று தவறாமல் செய்தி அனுப்புகிறான். வீட்டுக்குத்தான் இன்னும் வரவில்லை.